பொது என்பது தீட்டான கதை

தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு வரலாறு என்று ஒன்று நமக்குப் பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்கு அது மனப்பாடம். 'கிறித்தவர்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு' என்று ஒரு பெரிய கேள்வி வரும். அண்ட்ரிக் அடிகளார், தத்துவ போதகர், சீகன்பால்கு, வீரமாமுனிவர், பெப்ரீஷியஸ், இரேனியஸ், பவர் என்று வரிசையாக எழுதி, அச்சு வந்தது, அகராதி வந்தது, உரைநடை வளர்ந்தது என்று முடித்தால் மதிப்பெண் விழுந்துவிடும். நானும் அப்படி எழுதித்தான் தேறினேன். அது கொடுத்தவர்களின் வரலாறு. வாங்கிப் படித்தவர்கள் யார், அந்தத் தமிழைக் கேட்டபோது அவர்கள் காதில் என்ன விழுந்தது, எந்தச் சொல் அவர்களை உள்ளே விட்டது, எந்தச் சொல் வாசலிலேயே நிறுத்தி வைத்தது என்று ஒரு கேள்வியும் அந்தத் தாளில் வந்ததில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். அப்படியிருந்தும் இதுதான் நிலைமை.

இத்தனைக்கும், தமிழில் அச்சான சுவிசேஷத்தைத் தானே எடுத்துப் படித்து அதனால் வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர்கள் என்று பெயரோடு நமக்குத் தெரியவரும் ஆரம்பகால மனிதர்களில் முக்கியமானவர் ஒரு பறையர். ராஜநாயக்கன் என்று பெயர். 1700 வாக்கில் பிறந்தவர். தஞ்சை மராட்டிய அரசனின் படையில் சேர்வைக்காரர். குடும்பம் முன்பே கத்தோலிக்கத்தில் சேர்ந்த குடும்பம். தரங்கம்பாடியில் 1714ல் அச்சடிக்கப்பட்ட புத்தகம், நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கியது, ஒரு பண்டாரத்தின் வழியாக அவர் கைக்கு வந்து சேர்ந்தது. படித்தார். தரங்கம்பாடி மிஷனரிகளோடு தொடர்பு கொண்டார். படைவேலையை விட்டுவிட்டு 1728ல் உபதேசியார் ஆனார். தஞ்சைச் சீமையில் லுத்தரன் சபை வேர்விட்டதில் அவருடைய கால்நடைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே 1728ல்தான் வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். லுத்தரன்களின் வேதப் புத்தகத் தமிழ் ஆபாசத் தமிழ், இலக்கணம் தெரியாத தமிழ் என்று அதில் கேலி செய்தார். தேம்பாவணி பாடியவருக்கு அந்தத் தமிழ் கசந்ததில் வியப்பில்லை. சீகன்பால்கு 1706ல் வந்து இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகியவர். பண்டிதத் தமிழ் வேண்டாம், கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தவர். அவர் தமிழ் கரடுமுரடானதுதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் புலவர் காதுக்குக் கரடாகப் பட்ட அந்தப் புத்தகம் சேரியில் பிறந்த ஒரு படைவீரனுக்குப் புரிந்தது. யாருக்குப் புரிந்தது என்பதை வைத்து ஒரு மொழிபெயர்ப்பை அளக்கும் வழக்கம் நம் இலக்கிய வரலாற்றில் இன்றுவரை ஏற்படவில்லை.

ராஜநாயக்கனுக்கு அப்புறம் என்ன ஆனது? 1733ல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. சுதேசிகளில் முதல் புராட்டஸ்டண்ட் குரு என்று வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. அடுத்த பட்டத்துக்கு ராஜநாயக்கன் பெயரும் பேச்சில் வந்தது. அவருடைய பக்தியிலோ வேத அறிவிலோ உழைப்பிலோ மிஷனரிகளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பறையர் கையால் இராப்போஜனம் கொடுத்தால் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்குவார்களா? 1741ல் பட்டம் தியோகுவுக்குப் போனது. ராஜநாயக்கன் நாற்பது வருஷத்துக்கும் மேலாக உபதேசியாராகவே இருந்து 1771ல் இறந்தார். வார்த்தையைச் சொல்லலாம், அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கக் கூடாது. வாய்க்கு அனுமதி உண்டு, கைக்கு இல்லை.

உபதேசியார் என்ற சொல்லை நம் ஊர்ச் சபைகளில் இன்றைக்கும் கேட்கலாம். உபதேசியாருக்கு மேலே இருப்பவர் ஐயர். வெளியாருக்கு இது விநோதமாக இருக்கும். தென்னிந்தியத் திருச்சபைச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் மனைவி ஐயரம்மா. கால்டுவெல் ஐயர், போப் ஐயர் என்று வெள்ளைக்காரர்களுக்கு ஒட்டிய சொல் அது. ஐயன் என்றால் தலைவன், மூத்தவன் என்று பொருள் சொல்வார்கள், சரிதான். ஆனால் ஊரில் அந்தச் சொல் யார் தலையில் உட்கார்ந்திருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். இன்று எத்தனையோ தலித் ஆயர்களை எங்கள் சேரிக் கிழவிகள் "ஐயரு வந்துட்டாரு" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வரும், ஒரு சின்ன சந்தோஷமும் வரும்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பின்னே போய்ப் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக அண்ட்ரிக் அடிகளார் 1578ல் கொல்லத்தில் அச்சடித்த 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கப் புத்தகம். கடற்கரை மக்களின் பேச்சும் போர்த்துக்கீசியச் சொற்களும் கலந்த தமிழ். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெற வந்தவனிடம், பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்ற கருத்தில்தான் கேள்வி கேட்கப்பட்டது. 1606ல் மதுரைக்கு வந்த நொபிலியை இந்தக் கேள்விதான் உறுத்தியது. பரங்கி என்றால் மாடு தின்பவன், குடிப்பவன், தீண்டத்தகாதவர்களோடு பழகுபவன். ஆகவே பரங்கி என்ற பெயரே வேண்டாம், நான் ரோமாபுரி ராஜகுலம் என்று சொல்லிக்கொண்டு, காவி கட்டி, பூணூலும் போட்டு, பிராமண சமையற்காரனை வைத்துக்கொண்டார். கேள்வியில் இருந்த 'பரங்கி'யை எடுத்துவிட்டார். 'குலம்' அப்படியே இருந்துவிட்டது. 1623ல் போப்பாண்டவரும் இந்த ஏற்பாட்டை அங்கீகரித்தார்.

சர்வேசுரன், திவ்விய பூசை, வரப்பிரசாதம், ஞானஸ்நானம் என்ற வடமொழிக் கோர்வையெல்லாம் நொபிலி மரபில் ஊன்றியவை. பிராமணனுக்குப் புரிய வேண்டும், அவன் மதிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த சொற்களை, கடைசியில் வாய் நோகச் சொல்லிப் பழகியவர்கள் நம்மவர்கள். பிராமணர் வந்தது கைவிரலில் எண்ணும் அளவு. சேரி வந்ததோ சாரைசாரையாக. நம் கிழவிகள் அதை 'நானஸ்தானம்' ஆக்கினார்கள். ஸ்நானம் ஆற்றங்கரை அக்ரகாரத்துச் சொல். நமக்குக் குளிப்பும் முழுக்கும்தான். (திருமுழுக்கு என்று பிற்பாடு மாற்றினார்கள், நல்ல மாற்றம்தான். ஆனால் எங்கள் பக்கம் 'தலைமுழுகிட்டான்' என்றால் உறவை அறுத்துக்கொண்டான் என்று அர்த்தம். ஒரு பையன் திருமுழுக்கு எடுத்ததைக் கேட்டு அவன் பாட்டி அழுத கதை எனக்குத் தெரியும்.)

பிராமண சந்நியாசிகள் பறையரோடு நேரடியாகப் பழக முடியாது என்பதால் 1640களிலிருந்து பண்டார சுவாமிகள் என்று வேறொரு வகைக் குருமார் உண்டாக்கப்பட்டார்கள். சாகக் கிடக்கும் பறையனுக்குக் கடைசிப் பூசுதல் கொடுக்கக் குருவானவர் அவன் குடிசைக்குள் நுழைய வேண்டுமா, கூடாதா என்று ரோமாபுரி வரைக்கும் விவகாரம் போனது. 1704ல் தூர்னோன் என்ற பாப்பரசின் தூதர் புதுச்சேரியில், நுழைந்துதான் ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். நாற்பது வருஷம் இழுத்தார்கள். 1744ல் போப் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் கிடைத்த தீர்வு என்ன தெரியுமா? பறையருக்கென்று தனி மிஷனரிகள். உத்தரவும் நிறைவேறியது, தீட்டும் படவில்லை. நம்மூர் ரெட்டை டம்ளருக்கு ரோமாபுரியில் இப்படி ஒரு அண்ணன் உண்டு.

இனி நான் இருக்கும் சிட்லபாக்கத்துக்கு வருகிறேன். தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே ஏரியை ஒட்டிய ஊர். ஒருகாலத்தில் ஏரிப் பாசனக் கிராமம், இப்போது தாம்பரம் மாநகராட்சியில் ஒரு பகுதி. ஏரி பாதியாகி, வயல்கள் வீட்டுமனையாகி, மனைகள் அடுக்குமாடியாகிவிட்டன. அந்த அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் போகிற பெண்கள் எங்கள் தெருக்களில் நிறைய. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், அஸ்தினாபுரம் என்று காலையில் கிளம்பினால் மதியம் திரும்புவார்கள். அவர்களில் எட்டுப் பத்துப் பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு மாடியில் கூடி வேதம் வாசிக்கிறோம். ஜெபக்கூட்டம் என்று சொல்ல முடியாது. வாசிப்போம், சொல்லுக்கு அர்த்தம் கேட்போம், சண்டை போடுவோம். எல்லாரும் வைத்திருப்பது பழைய புத்தகம்தான். பவர் ஐயர் தலைமையில் முத்தையா பிள்ளை முதலியோர் உதவியோடு செய்யப்பட்டு 1871ல் முழுமையாக வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் புராட்டஸ்டண்ட் சபைகளில் அதை அசைக்க முடியவில்லை.

ஒருநாள் யோவான் 4ஆம் அதிகாரம். சமாரியப் பெண் கிணற்றடியில் நிற்கிறாள், இயேசு தண்ணீர் கேட்கிறார், நீ யூதன் என்னிடம் கேட்கலாமா என்கிறாள். அதற்கு ஒரு விளக்கம் போட்டிருக்கிறது. யூதர்கள் சமாரியரோடு 'சம்பந்தங்கலவாதவர்கள்' என்ற சொல். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த அக்கா நிறுத்திவிட்டார்.

"இன்னா தம்பி, சம்பந்தம் கலக்கலன்னா, பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கமாட்டாங்கன்னுதானே?"

"அப்படியும் சொல்லலாம்க்கா."

"பொண்ணு குடுக்காட்டி போறான். அதுக்கு எதுக்கு அந்தம்மா தண்ணி குடுக்க ரோசன பண்ணுது?"

நியாயமான கேள்வி. சம்பந்தி, சம்பந்தம் பேசுதல் என்று புழங்கும் ஊரில் வேறெப்படி அர்த்தம் ஆகும்? இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த ஒரு தோழரிடம் கேட்டேன். அங்கே இருக்கும் மூலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'சேர்ந்து பயன்படுத்துதல்' என்றார். பழகமாட்டார்கள் என்று பெரும்பாலோர் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் ஒரே பாத்திரத்தைப் புழங்கமாட்டார்கள் என்று பொருள் கொள்ளும் அறிஞர்களும் உண்டு, சில ஆங்கில வேதாகமங்களின் அடிக்குறிப்பிலேயே அது இருக்கிறது என்றார். அடுத்த ஞாயிறு இதைச் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. "சொம்பு மேட்டரா?" என்றார் அந்த அக்கா. அவ்வளவுதான், அதிகாரம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது. அவர் கையில் சொம்பு இல்லை, அவள் சொம்பில்தான் குடித்தாக வேண்டும், அதனால்தான் அவளுக்கு அதிர்ச்சி. பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். வேலை செய்யும் வீட்டில் பால்கனியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தனியாக இருக்கும் தட்டு. அந்த வீடுகளில் இரண்டு கிறிஸ்தவ வீடுகள். ஒன்றின் வாசலில் வசனப் பலகை மாட்டியிருக்கிறதாம்.

ஆயிரம் பிரசங்கத்தில் இந்தச் சமாரியப் பெண்ணைக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் அவளுடைய ஐந்து புருஷர்களைப் பற்றித்தான் பேச்சு. சொம்பைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அதற்கடுத்து நாங்கள் எடுத்தது அப்போஸ்தலர் 10. பேதுரு வீட்டு மாடியில் காணும் தரிசனம். வானத்திலிருந்து இறங்கும் துப்பட்டியில் எல்லா மிருகமும் இருக்கும், அடித்துச் சாப்பிடு என்று சத்தம் வரும். தீட்டானதையும் அசுத்தமானதையும் தின்று பழக்கமில்லை என்று பேதுரு மறுப்பார். மாட்டுக்கறி தின்கிற சனங்களுக்கு இந்த அதிகாரம் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'தீட்டு' என்ற சொல் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத சொல். வேதாகமத்திலேயே எங்கள் பெண்களுக்கு அகராதி வேண்டாத ஒரே சொல் அதுதானோ என்றுகூடத் தோன்றியது. அதனால் அந்தச் சொல்லைத் தோழரிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, அவராகத்தான் சொன்னார். மூலத்தில் தீட்டு என்ற இடத்தில் இருப்பது 'கொய்னோஸ்'. அதற்கு முதற்பொருள் 'பொது'.

அதே அப்போஸ்தலர் புத்தகத்தில் 2ஆம் அதிகாரத்தில், முதல் விசுவாசிகள் எல்லாவற்றையும் 'பொதுவாய்' வைத்து அனுபவித்தார்கள் என்று வருகிறதே, அங்கேயும் இதே சொல். யூதா நிருபத்தில் 'பொதுவான இரட்சிப்பு' என்று வருகிறதே, அதுவும் இதே சொல். யூத ஆசாரத்தில் கடவுளுக்கென்று பிரித்து வைத்தது பரிசுத்தம். பிரித்து வைக்காமல் எல்லாரும் புழங்குவது பொது, ஆகவே தாழ்ந்தது, ஆகவே தொடக்கூடாதது. சொல் இப்படித்தான் சரிந்திருக்கிறது. பேதுரு சொல்வது உண்மையில், பொதுவான எதையும் நான் தின்றதில்லை என்பது. பொது என்று சொல்லி ஒதுக்காதே என்பது அவருக்குக் கிடைக்கும் பதில்.

பவர் ஐயர் தப்பாக மொழிபெயர்த்தார் என்று நான் சொல்லவரவில்லை. அந்த இடத்தில் சடங்கு அர்த்தம்தான் முன்னே நிற்கிறது, தீட்டு என்பது சரியான சொல். ஆனால் ஒரே சொல்லை ஓரிடத்தில் பொது என்றும் இன்னோரிடத்தில் தீட்டு என்றும் பிரித்தபோது நடுவில் இருந்த நூல் அறுந்துபோனது. அந்த நூல் நமக்கு உயிர்நாடி. பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுக்குளம், பொதுச்சுடுகாடு, பொதுக்கலயம் — தமிழ்நாட்டில் எந்தச் சாதிக் கலவரத்தை எடுத்தாலும் மேல்சாதிக்குத் தீட்டாகத் தெரிந்தது ஏதோ ஒரு பொதுதான். 1927ல் மகத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்ததும் இந்தப் பொதுவுக்காகத்தான். அந்தக் குளத்தைச் சாணியும் பால் தயிரும் ஊற்றிச் சுத்தி செய்தார்கள். கொய்னோஸ் என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒரே குளத்தில். அயோத்திதாசப் பண்டிதர் 1907லிருந்து 'தமிழன்' பத்திரிகையில் ஒவ்வொரு சொல்லாகக் கிளறி, இது யாருடைய சொல், யார் திருப்பிப் போட்டது என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் சொல்லும் வேர்களையெல்லாம் மொழியியல் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அந்தக் கேள்வி கேட்கும் முறையை வேதாகமச் சொற்களிடம் நாம் இன்னும் கொண்டுபோகவில்லை.

இன்னொரு சொல். 'தூலோஸ்' என்றால் கிரேக்கத்தில் அடிமை. விலைக்கு வாங்கிய அடிமை. ஆங்கிலத்தில் பழைய ராஜா ஜேம்ஸ் வேதாகமம் இதைப் பெரும்பாலும் வேலைக்காரன் என்று மெழுகிவிட்டது. நம் தமிழ்ப் புத்தகம் சில இடத்தில் அதைவிடத் துணிச்சலானது. பிலிப்பியர் 2ல் கிறிஸ்து எடுத்தது 'அடிமையின்' ரூபம் என்று உடைத்துச் சொல்கிறது. பிலேமோன் நிருபத்தில் ஒநேசிமுவும் அடிமைதான். ஆனால் பவுல் தன்னையே தூலோஸ் என்று சொல்லும்போது 'ஊழியக்காரன்'. கீழ்ப்படிந்திருங்கள் என்று எபேசியரிலும் கொலோசெயரிலும் தூலோஸ்களுக்குப் புத்தி சொல்லும்போது 'வேலைக்காரரே'. எதிரே நிற்பவர் 'எஜமான்'.

இந்தத் தமிழ் எந்தக் காலத்தில், எந்த நிலத்தில் வாசிக்கப்பட்டது என்று யோசியுங்கள். கம்பெனி அரசு அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று அறிவித்தது 1843ல். அரை நூற்றாண்டு கழிந்து 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தால் சட்டம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று தெரியும். கலியாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய சொற்பக் கடனுக்காகத் தன்னையும் பிள்ளையையும் மிராசுதாரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் படியாளாகக் கிடந்த மனிதர்கள். குடியிருக்கும் மனைகூடத் தனதில்லை, எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துவிடலாம். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் கௌடி என்ற மிஷனரிகளும் இதற்காகக் குரல் கொடுத்தவர்கள். அதன் விளைவாக 1892ல் வந்த அரசாணையைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்று பேசுகிறோம். சிட்லபாக்கம் அந்தப் பழைய செங்கல்பட்டு ஜில்லாதான்.

இப்படிப்பட்ட ஒரு படியாள் கோயிலில் பாயில் உட்கார்ந்து 'வேலைக்காரரே, எஜமான்' என்று கேட்டால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று உடனே தெரிந்துகொள்வான். ஆனால் 'அடிமையின் ரூபம்' என்று கேட்கும்போது? அடிமை என்பது எகிப்துக் கதையில் வரும் பழைய சொல், அல்லது 'பாவத்துக்கு அடிமை' என்று பிரசங்கத்தில் வரும் ஆவிக்குரிய சொல். கீழ்ப்படியச் சொல்லப்பட்டவனும் கிறிஸ்து எடுத்த ரூபமும் ஒரே சொல் என்று அவனுக்குச் சொல்ல யாருமில்லை. எங்கள் மாடியில் இதைச் சொன்னபோது, வழக்கமாகப் பேசாத ஒரு பெரியம்மா மட்டும், "எங்க மாமனார் படியாளுதான். அப்போ ஏசுசாமி படியாளு ரூபம் எடுத்தாரா?" என்று கேட்டார். அவர் கேட்ட மொழிபெயர்ப்பைவிடச் சிறந்ததை நான் எந்தப் பதிப்பிலும் பார்க்கவில்லை.

சொல் மாறினால் உலகம் மாறிவிடுமா என்று தோழர்கள் கேட்பார்கள். மாறாது. ஆனால் சொல்லுக்கும் சாதிக்கும் என்ன உறவு என்பது மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெரிய கவி, அவருடைய பாட்டுக்கள் இன்றும் கோயிலில் ஒலிக்கின்றன, எனக்கும் பிடிக்கும். புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் நான்கைச் சொல்லி முறையிட்டார். வேதப் புத்தகத்தின் தமிழைத் திருத்தினது, சாதிகளை ஒன்றாகக் கலக்க வற்புறுத்தினது, கலியாணத்திலும் சாவிலும் பூவை விலக்கினது, தமிழ்ச் சங்கீதத்தைத் தடுத்தது. பூவுக்கும் பாட்டுக்கும் நானும் அவர் பக்கம்தான். ஆனால் பட்டியலைப் பாருங்கள். பெப்ரீஷியஸின் பழைய சொற்களை ரேனியஸ் மாற்றியதும், வேளாளரும் பறையரும் ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டும் என்றதும் அவருக்கு ஒரே வகைக் காயமாகப் பட்டிருக்கிறது. 1829ல் கிறிஸ்தவர்களுக்குள் சாதி ஆசாரம் தேவை என்று தனியாகவே எழுதினார். சாதி வேற்றுமையை உடனடியாகவும் முழுசாகவும் விட்டுவிட வேண்டும் என்று பிஷப் வில்சன் 1833ல் சுற்றறிக்கை விட்டபோது சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிச் சபையார் கூட்டமாக வெளியேறினார்கள். அதுவரை கிண்ணம் முதலில் அவர்களுக்கு, பிறகு பறையருக்கு. அந்த வரிசை போனதும் கிறிஸ்துவே வேண்டாமென்று ஆகிவிட்டது.

கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 கொரோனாவுக்குப் பிறகு நான் போய்வரும் சபைகள் சிலவற்றில் பொதுக்கிண்ணம் போய், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வந்துவிட்டது. சுகாதாரம் என்கிறார்கள். சுகாதாரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நோய் போய்ப் பல வருஷமான பிறகும் பழைய கிண்ணம் பீரோவிலிருந்து ஏன் இறங்கவில்லை என்று எங்கள் அக்காமார்கள் கேட்கிறார்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில், 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கிறிஸ்தவச் செய்திக்கும் மற்ற மதங்களுக்கும் என்ன உறவு என்று கிரேமர் என்ற டச்சு அறிஞர் ஒரு பெரிய புத்தகமே எழுதிக்கொண்டு வந்தார். இந்து தத்துவ மரபோடு கிறிஸ்தவத்தை எப்படிப் பேசவைப்பது என்று செஞ்சையாவும் சக்கரையும் அவருக்குப் பதில் எழுதினார்கள். இந்து மதத்தில் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் இயோலாவில் அறிவித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மதம் மாறலாமா என்று கோடிக்கணக்கான மக்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், தாம்பரத்து விவாதத்தில் ஓங்கி ஒலித்தது வேதாந்தத்தோடு பேசுவது எப்படி என்பதே. சேரியோடு எந்தத் தமிழில் பேசுவது என்பது விவாதமே ஆகவில்லை.

அப்புறம் வந்த சண்டை வடமொழியா தனித்தமிழா என்பது. 1995ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் சேர்ந்து 'திருவிவிலியம்' வெளியிட்டார்கள். பொது மொழிபெயர்ப்பு என்றே அதற்குப் பெயர், எனக்கு மிகவும் பிடித்த பெயர். தேவன் கடவுளானார், சுவிசேஷம் நற்செய்தி, பரிசுத்த ஆவி தூய ஆவி. கத்தோலிக்கக் கோயில்களில் அது வழங்குகிறது. புராட்டஸ்டண்ட் பீடத்தில் இன்னும் பவர் ஐயர்தான். எனக்குத் தனித்தமிழில் விருப்பம் உண்டு, படித்த படிப்பு அப்படி. ஆனால் அக்ரகாரத் தமிழுக்குப் பதில் புலவர் தமிழ் வந்தது என்பதற்கு மேல் சேரிக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. விதிவிலக்கு என்றால் தியாப்பிலஸ் அப்பாவு. 'பறட்டை' என்று பெயர் வைத்துக்கொண்டவர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005ல் மறைந்தார். கர்நாடக இசையில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்த கோயிலுக்குள் பறையையும் கிராமத்துப் பேச்சையும் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதை நற்கருணைக்கு அர்த்தமாக வைத்தார். வேளாளர் கவலைப்பட்ட கிண்ணத்துக்குப் பதில் சொன்ன சொல் அது.

எங்கள் மாடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒரு பக்கம் புத்தகத்துச் சொல், எதிர்ப்பக்கம் நாங்கள் பேசி வைத்த சொல். சம்பந்தங்கலவாதவர்கள் என்பதற்கு நேரே 'ஒரே சொம்புல குடிக்காதவங்க' என்று எழுதியிருக்கிறது. நீதிமான், கிருபாதாரபலி, உபாதி எல்லாம் ஆயிற்று. தீட்டு என்பதை எடுக்காமல் பக்கத்திலேயே 'பொது' என்றும் எழுதி வைத்திருக்கிறோம். இப்போது நிற்பது 'புறஜாதியார்'. மூலத்தில் 'எத்னோஸ்', இனம், மக்கள் என்று பொருள். ஜாதி என்றால் நாடு, இனம் என்றும் அர்த்தம் இருந்த காலத்துச் சொல். சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்று இயேசுவே சொல்லிவிட்டார், அப்புறம் ஜாதி எப்படித் தப்பாகும் என்று வாதாடியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பொது மொழிபெயர்ப்பு 'பிற இனத்தார்' என்கிறது. 'வேத்து சனம்' என்று எழுதலாம் என்றார் ஒருவர். சொம்பு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவால் கிறிஸ்தவர் என்றதும் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளி, அவர் மகனுக்குப் பிற்பட்ட வகுப்பு என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் சேரி, சர்க்காரில் சேரி இல்லை, சபையில் சேரி. "புறஜாதின்னா நாமதானே தம்பி, எதுக்கு மாத்தற?" என்கிறார். அந்த வரிக்கு எதிர்ப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.